அறுபத்தொன்பது நடக்கிறது

தொண்ணூற்று நாலு. நல்ல நம்பர்தான், மரியாதையான நம்பர், தொண்ணூற்று நாலில் யாரும் செத்ததாகப் பலவேசம் கேள்விப்பட்டதில்லை. கைப்பிடியில் பதித்திருந்த வெள்ளைத் தகட்டின்மேல் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு, நகராத அந்தச் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்து மூன்று நிமிஷம் ஆகியிருந்தது, இன்னும் பதினேழு பாக்கி. எதிரே டிபன் டப்பா மூடி அளவுக்கு ஒரு கண்ணாடி, அதற்குள் சீட்டுக்கட்டு ஆட்டின் மாதிரி ஓர் இதயம் அணைந்து அணைந்து எரிகிறது, அதன் பக்கத்தில் நாடித்துடிப்பு நம்பர். முப்பத்து நாலு வருஷம் பாளையங்கோட்டையில் வீடு வீடாகப் போய் அடுத்தவன் வீட்டு மீட்டரைப் படித்த மனுஷனுக்குக் கடைசியில் தன் மீட்டரையே படிக்கும்படி ஆயிற்று. அந்தக் காலத்து மீட்டரில் ஒரு தகடு சுற்றும், தகட்டில் சிவப்பாய் ஒரு புள்ளி இருக்கும், மெதுவாய்ச் சுற்றினால் வீட்டில் எல்லாரும் வெளியூர் என்று அர்த்தம், தலைதெறிக்கச் சுற்றினால் உள்ளே எவனோ அயர்ன் பாக்ஸ் வைத்திருக்கிறான். கதவைத் தட்டாமலே சொல்லிவிடுவார். இங்கே நெஞ்சுக்குள் என்ன சுற்றுகிறது, உள்ளே யார் அயர்ன் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. தொண்ணூற்று ஏழு. பெங்களூரில் இருக்கும் மகள் செண்பகம் ஆவணியில் அனுப்பிவைத்த வண்டி, அவர் நெஞ்சில் ஸ்டென்ட் என்று கம்பிச்சுருள் வைத்த அதே மாசம். பூட்டி நிறுத்துவதற்கு மாப்பிள்ளையே வந்திருந்தார். 'மாமா, உங்க வயசு போடணும், இது அதை வச்சுத்தான் கணக்குப் பண்ணும்' என்றார். 'இருபத்தாறு போடுங்க மாப்பிள்ள, அது என்ன பண்ணுதுன்னு பாப்போம்' என்று இவர் சொன்னார். மாப்பிள்ளை சிரிக்காமல் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்து அறுபத்தொன்பது என்று அழுத்தினார். மெஷின் ஒரு விநாடி யோசித்து நூற்று இருபத்தெட்டு என்றது. அதைத் தாண்டினால் கத்தும். முதல் வாரத்தில் இரண்டு தடவை கத்தியது. இரண்டு தடவையும் மனைவி கோமு கரண்டியோடு ஓடி வந்தாள், அந்த இரண்டு தடவையும் அவள் மூஞ்சியைப் பார்த்ததிலிருந்து பலவேசத்துக்கு நெஞ்சைவிட அந்தக் கத்தலைத்தான் பயம். மற்ற நேரத்தில் அந்தச் சைக்கிளில் வேட்டியும் துண்டும் காயும், காலையில் இந்த இருபது நிமிஷம் மட்டும் அது வைத்தியம். நூற்று ஒன்று. மெள்ள மிதி, என்ன அவசரம், எங்கேயும் போய்ச் சேரப் போவதில்லை.

அறுபத்தொன்பது. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்ததுமே அது வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா போனது அறுபத்தொன்பதில். அண்ணன் போனது அறுபத்தொன்பதில். இரண்டு பேருக்கும் நெஞ்சுதான். அண்ணன் காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்தபோது யாரோ சொன்னார்கள், யார் என்று ஞாபகமில்லை, வெற்றிலை போட்ட வாய் மட்டும் ஞாபகமிருக்கிறது, 'இந்த வீட்டு ஆம்பளையளுக்கு அறுபத்தொம்பதுதாம் போலிருக்கு' என்று. சொன்னவன் எழுந்து சாப்பிடப் போய்விட்டான். அந்தச் சொல் மட்டும் பலவேசத்தோடு வீட்டுக்கு வந்து நாலு வருஷமாகக் கூடவே இருக்கிறது. போன ஜூன் ஒன்றாம் தேதி அவருக்கு அறுபத்தொன்பது ஆனது. ஆவணியில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. பார்த்தாயா, சொன்னபடி வந்துவிட்டேன் என்கிற மாதிரி. இப்போது தை நடக்கிறது. ஜூன் ஒன்றுக்கு இன்னும் நாலு மாசத்துச் சொச்சம். அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் எழுபது, அப்புறம் ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை, வெயிலில் தார்ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து நிழலுக்கு ஓடுகிற மாதிரி. இந்த ஜூன் ஒன்று என்பதே ஒரு கூத்து. அவரோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முப்பத்தோரு பயல்களுக்கும் ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு வாத்தியார் வரிசையாக எல்லாரையும் பிறக்க வைத்தார். தேதி பொய், அது ஊருக்கே தெரியும். வருஷம் நிஜம். ஜாதகம் என்று ஒன்றும் கிடையாது, அதைக் கரையான் தின்றுவிட்டது என்பது அப்பா சொன்னது, எழுதவே இல்லை என்பது அம்மா முணுமுணுத்தது. கல்யாணத்துக்குக்கூட அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் போட்டு வெள்ளைப் பூ வந்ததை வைத்துத்தான் கோமுவைக் கட்டிவைத்தார்கள். அதனால் தன் பிறப்பைப் பற்றி அவர் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொள்ள வசதியாயிருந்தது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது பரிசலில் பிறந்தேன் என்பார். சங்கரன்கோவில் தபசுக்குப் போன வண்டியில் பிறந்தேன், மாடு திரும்பிப் பார்த்தது என்பார். ஆபீசில் ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொன்னதில்லை. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், யாரும் திருப்பிக் கேட்கவில்லை, இவரும் அம்மா இருந்த வரைக்கும் ஒரு நாள் உட்கார்ந்து உள்ளதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நூற்று ஒன்பது.

அடுக்களையில் அரிவாள்மணை சத்தம் நின்றது. "என்ன, சத்தம் கொறையுது? களைச்சுப் போச்சா?"

"களைப்பா? திருச்செந்தூர் தாண்டிட்டேன்ட்டி. எதிர்காத்து அடிக்கி, அதான் மெள்ளப் போறேன்."

"அப்படியே முங்கிக் குளிச்சிட்டு வாங்க, துண்டு எடுத்து வைக்கேன்," என்றாள் கோமு. அரிவாள்மணை மறுபடி நடந்தது. வாழைத்தண்டு. நார் விரலில் சுற்றும்போது அவள் 'ப்ச்' என்று ஒரு சத்தம் கொடுப்பாள், அது கேட்டது. நூற்று ஆறு. பார், இறங்குகிறது. இதை அவர் கார்த்திகை மாசத்தில்தான் கண்டுபிடித்தார், டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை: புளுகினால் நம்பர் இறங்கும். உள்ளதை நினைத்தால் ஏறும். மற்றவனுக்குப் பொய் சொன்னால் நெஞ்சு படபடக்கும் என்பார்கள், இவருக்கு உல்ட்டா. நடந்ததை நடந்தபடி நினைத்தால் நூற்றுப் பதினைந்து, அதையே கொஞ்சம் ஜோடித்துவிட்டால் நூற்று ஐந்து. ஆகவே தினமும் இந்த இருபது நிமிஷத்துக்கு ஒரு புளுகைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறுவார், சிலபேர் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடப்பது மாதிரி. இன்றைக்கு எது? பெருமாள்புரத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். பெருமாள்புரத்தில் ஒரு வீடு, மூன்றாவது தெரு, மாசாமாசம் போனால் மீட்டர் குறைந்திருக்கும். ஏறாது, குறையும். சித்திரையில் நாலாயிரத்து நூறு, வைகாசியில் நாலாயிரத்து நாற்பது. இவர் புகார் எழுதவில்லை, எழுதினால் சுவாரசியம் போய்விடும். ஒரு நாள் வெயிலில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இடமிருந்து வலமாகப் போக வேண்டிய சிவப்புப் புள்ளி வலமிருந்து இடமாகப் போகிறது. உள்ளே எட்டிப்பார்த்தால் அந்த வீட்டு மாமியார் மாவாட்டிக்கொண்டிருக்கிறார், ஆட்டுக்கல்லை இடப்பக்கமாகச் சுற்றுகிறார். அந்தம்மா கைச் சுற்றின் வேகத்தில் கரண்ட் பயந்து கம்பத்துக்கே திரும்பிப் போகிறது. அந்தத் தெருவுக்கே அந்தம்மாதான் கரண்ட். ஒரு நாள் அந்தம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டார், பெருமாள்புரம் முழுக்க இருட்டு. நூற்று நாலு. நூற்று மூன்று. பத்து நிமிஷம் ஓடிவிட்டது. இட்லிக்கா அரைத்தார் என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டான், அவனுக்கு என்ன பதில் சொன்னோம், ஆங், இட்லி இல்லை தோசைக்கு, இட்லி மாவு என்றால் லைன் தாங்காது என்று சொன்னோம். கடையில் டீ ஆற்றுகிறவர்கூடக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சிரித்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள், அதுதான் வினை. ஆவணியில் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு 'ஏட்டி, நெஞ்சை யாரோ மிதிக்காப்ல இருக்கு' என்றார். கோமு திரும்பாமலே, 'நேத்து நெல்லையப்பர் கோயில் ஆனை உங்க காலை மிதிச்சுதுன்னியளே, அதுவா இன்னைக்கு மேல ஏறிட்டு?' என்று சிரித்தாள். இவரும் சிரிக்கப் பார்த்தார். வாய் வரவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் திரும்புகிறவரைக்கும் எவ்வளவு நேரம், ஒரு நிமிஷம் இருக்குமா, இரண்டு இருக்குமா, வேர்வை முழங்கையிலிருந்து சொட்டியது, குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம், தட்டின்மேல் தட்டு வைக்கிற சத்தம், உண்மை சொல்கிற குரல் என்று ஒன்று தனியாக இருக்கும் போலிருக்கிறது, அது தன்னிடம் இல்லை, நாற்பத்து நாலு வருஷத்தில் அதை எடுத்துப் பேசியதே இல்லை, துருப்பிடித்துவிட்டது என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றிக் கோமு அப்புறம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் எதைச் சொன்னாலும் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறாள். நூற்றுப் பதினேழு. போதும், பெருமாள்புரத்துக்குப் போ. மாமியார், ஆட்டுக்கல், சிவப்புப் புள்ளி. வரவில்லை. அண்ணன் வந்தான். அண்ணன் வாசற்படியில் ஒரு கால் செருப்போடு உட்கார்ந்திருந்தான், இன்னொரு செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே இருந்தவன், பேப்பரில் என்னவோ படித்துச் சிரித்தவன், அப்படியே சாய்ந்தான் என்று மதினி சொன்னார். அந்த இன்னொரு செருப்பு ஒரு அடி தள்ளித்தான் கிடந்தது. இவர் போய்ச் சேர்ந்தபோதும் அங்கேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை, எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். நூற்று இருபது. எனக்கும் அப்படித்தானா, இந்தச் சைக்கிள்மேலேயேவா, ஒரு கால் மேலே ஒரு கால் கீழே, துண்டு தோளில், டிவியில் ராசிபலன் ஓடிக்கொண்டிருக்கும்போதா. நூற்று இருபத்து மூன்று. கையில் ஈரம். தகட்டில் வேர்வை பட்டால் நம்பர் தப்பாய்க் காட்டும் என்று மாப்பிள்ளை சொன்னாரே, அதுவாயிருக்கும். துடைத்தார். வைத்தார். நூற்று இருபத்து நாலு. துடைத்தாலும் அதேதான். நான் நாலு மாசம்தான் கேட்கிறேன், அதிகமாகக் கேட்கவில்லை, நாலு மாசம். இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் 'இது எந்த ஆனை' என்பார்கள். கோமுவிடம் சொல்லலாம், சொன்னால் சிரிக்க மாட்டாள், அதுதான் முடியாது. நூற்று இருபத்தைந்து. இன்னும் மூன்று பாக்கி, கத்துவதற்கு. காலை மெள்ள விட்டார். கால் மெள்ளப் போனது, நம்பர் மெள்ளப் போகவில்லை.

அப்போது போன் அடித்தது. கோமு வாழைத்தண்டுக் கையோடு வந்து புறங்கையால் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு டிவிமேல் சாய்த்து வைத்தாள். "உங்க அக்கா," என்றாள். கடையத்துப் பக்கம் பேரன் வீட்டில் இருக்கும் உலகம்மாள் அக்கா. போனில் பேசினாலும் வயலின் அந்தக் கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவாள்.

"ஏல பலவேசம்! இருக்கியா, போயிட்டியா?"

"போய்ட்டுத்தான் இருக்கேன்க்கா. சைக்கிள்ல."

"இந்த வயசுல ரோட்டுல சைக்கிள் விடுதியால? கோமு, நீ பாத்துக்கிட்டா இருக்க?"

"வீட்டுக்குள்ள விடுதாவ மதினி. நின்ன எடத்துல ஓடுத வண்டி."

"நின்ன எடத்துல ஓடுததுக்கு எதுக்கு வண்டி? சரி அது கெடக்கட்டும். பங்குனி அஞ்சாந்தேதி ரெண்டு பேரும் இங்க வந்துரணும். எனக்கு எம்பது முடியுது. பேரன் பந்தலெல்லாம் போடுதேங்கான், நூறு எலைக்குச் சொல்லியாச்சு."

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்தது. கால் தானாக மிதித்தது. "எக்கா, புளுகுதது என் வேலையில்லா? அதுலயும் பங்கு கேக்கியா? ஒனக்கு எம்பதா? நீ எனக்கு எட்டு வயசு மூப்பு. எனக்கு அறுபத்தொம்பது நடக்கு. ஒனக்கு எழுபத்தேழு. பேரன் மூணு வருசம் முந்தியே சோறு போட்டுக் கழிச்சுடப் பாக்கான்."

"யாருக்குல அறுபத்தொம்பது?"

"எனக்குத்தான்."

"ஒனக்கா? ஒனக்கு எழுபத்திரண்டுல்லா!"

நூற்று இருபத்தேழு என்று கண்ணாடி காட்டியதை அவர் பார்த்தார். ஆனால் படிக்கவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மீட்டரைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் விட்டார். "என்னக்கா சொல்லுத?"

"உள்ளதைச் சொல்லுதேன். நம்ம ஊர்த் தேருக்குப் புதுச்சக்கரம் போட்ட வருசம் நான் பொறந்தேன், சக்கரத்து இரும்புப் பட்டையில வருசம் வெட்டியிருக்கு, வேணும்னா போயிப் பாரு. எனக்கு எட்டு முடிஞ்சு என்னையப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு சிலேட்டுகூட வாங்கியாச்சு. அந்த மாசம் நீ பொறந்த. அம்மை நடவுக்குப் போவணும், ஒன்னைய யாரு தூக்குவா? சிலேட்டு அப்படியே பரண்ல ஏறிட்டு. நான் பள்ளிக்கூடமே போவல பாத்துக்க, அதனால என் வயசுல எவனும் கை வைக்கல."

"அப்ப என் வயசு?"

"ஒன்னைய எட்டு வயசுலதாம்ல சேத்தோம். அதுவரைக்கும் நீ ஓடைக்கரையிலல்லா கெடந்த. நாந்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். அந்தப் பெரிய வாத்தியார் ஒன் கையைத் தலைக்கு மேல வளைச்சுக் காதைத் தொடச் சொன்னாரு. நீ காதைத் தாண்டித் தாடையவே தொட்டுட்ட. அவரு சிரிச்சிட்டு, 'ஏ பிள்ள, இவனுக்கு அஞ்சுன்னு போடுதேன், நாளைக்குச் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனாம்னா மூணு வருசம் கூட இருப்பான்'னாரு. எனக்கு என்ன தெரியும், தலையை ஆட்டினேன். அவரு பாட்டுக்கு எழுதினாரு."

கோமு வாழைத்தண்டுக் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். பலவேசம் மிதித்துக்கொண்டே இருந்தார், நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டா, அப்படியானால் அறுபத்தொன்பது எப்போது, அது மூன்று வருஷத்துக்கு முந்தியல்லவா வந்து போயிருக்கிறது, வாசல் வழியாகவே வந்து வாசல் வழியாகவே போயிருக்கிறது, நான் எங்கே இருந்தேன்? என்ன செய்துகொண்டிருந்தேன்? மூன்று வருஷத்துக்கு முந்தி ஆடியில் குற்றாலத்தில் மெயின் அருவிக்குக் கீழே, போலீஸ்காரர் விசில் ஊத ஊத, அரைமணி நேரம் தலையைக் கொடுத்து நின்றோம். அப்போது அறுபத்தொன்பது. செண்பகத்தின் மகளுக்குக் காதுகுத்துக்குக் கிடாவெட்டி, டாக்டர் கேட்டால் மயங்கி விழுகிற அளவுக்குத் தின்றுவிட்டு, இரவு திரும்ப ஒரு கை பிரியாணி பானையோடு வழித்தோம். அறுபத்தொன்பது. மாடி வீட்டுக்காரனோடு தண்ணீர்த்தொட்டி விஷயமாக வேட்டியை மடித்துக்கட்டிச் சண்டைக்குப் போனோம், அவன் கையை ஓங்க, இவர் இரண்டு கையை ஓங்க, கோமு நடுவில் வந்து நின்றாள். அறுபத்தொன்பது. ஒரு வருஷம் முழுக்க அந்த நம்பர் கூடவே சுற்றியிருக்கிறது, தேடியிருக்கிறது, பரிசலில் பிறந்தவன் எங்கே, வண்டியில் பிறந்தவன் எங்கே என்று கேட்டுக் கேட்டு அலைந்திருக்கிறது, ஆதார் கார்டைப் பார்த்திருக்கும், அறுபத்தாறு என்று இருந்திருக்கும், சரி இவன் இல்லை என்று அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். பெரிய வாத்தியாரே, நீரல்லவோ ஆள். நான் என்னமோ நாற்பது வருஷமாக டீக்கடையில் உட்கார்ந்து பாம்பு, ஆனை, ஆட்டுக்கல் என்று சில்லறைப் புளுகு புளுகிக்கொண்டிருந்தேன், ஒருத்தனும் நம்பவில்லை. நீர் ஒரே ஒரு வரி எழுதினீர். சர்க்கார் நம்பிற்று, பேங்க் நம்பிற்று, டாக்டர் நம்பினார், இந்த மெஷின் நம்புகிறது, எல்லாவற்றுக்கும் மேலே புளுகே தொழிலான நானே நம்பி நாலு வருஷம் வேர்த்து நின்றேன். ஒரு சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சைத் தாண்டும்போது எங்கேயும் இடிக்காமல் மேலே வந்தது. இவ்வளவு நாளாய் அந்த இடத்தில் ஏதோ இடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இடிக்காதபோதுதான் தெரிகிறது. நம்பரைப் பார்த்தார். நூற்று இருபத்தேழு. கிறுக்குப்பிடித்த மாதிரி அதற்கும் ஒரு கணக்கு ஓடியது, எழுபத்திரண்டு என்று போட்டிருந்தால் மெஷினின் எல்லை நூற்று இருபத்தாறுதானே, அப்படியானால் பள்ளிக்கூடத்து வயசுப்படி நான் எல்லைக்குள்ளே இருக்கிறேன், அக்கா வயசுப்படி எல்லையைத் தாண்டி நிற்கிறேன், நெஞ்சு எந்த வயசைப் படித்திருக்கும், அது பள்ளிக்கூடம் போயிருக்குமா? போயிருக்காது. அது அக்கா மாதிரி. காலை மெள்ள விட்டார். இந்தத் தடவை நம்பரும் கூடவே இறங்கி வந்தது, நூற்று இருபத்து மூன்று, நூற்றுப் பதினெட்டு, கையைப் பிடித்துப் படியிறங்குகிற மாதிரி. உள்ளதை நினைக்கும்போது இறங்குகிறது, இது புதுசு.

"ஏல, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. நல்லா இருக்கேன்." குரல் தனக்கே யாருடையதோ போலிருந்தது. "அப்ப அந்தச் சிலேட்டு என்ன ஆச்சுக்கா?"

"அதை ஒனக்குத்தான குடுத்தோம். நீ அதைக் கொண்டுபோயி ஓடையில நண்டு பிடிச்ச." அக்கா ஒரு தடவை பெரிதாகச் சிரித்தாள், உடனே நிறுத்தினாள். "வயசெல்லாம் சும்மாலே. நம்ம அப்பனுக்கு வயசுன்னு ஒண்ணு யாருக்குத் தெரியும்? ரேஷன் கார்டு எழுத வந்தவன் திண்டாடி, மூஞ்சியப் பாத்துட்டு ஒரு நம்பரப் போட்டுட்டுப் போனான். அதைத்தான காரியப் பத்திரிகையிலயும் போட்டிய."

அப்பா கணக்கும் போயிற்று. அறுபத்தொன்பதின் ஒரு கால் ஒடிந்து விழுந்ததை அவர் காதால் கேட்டார். கோமு இன்னும் நகரவில்லை. தண்டிலிருந்து தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஒழுகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போனைப் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை, டிவிக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். அவள் உதடு எதையோ எண்ணி எண்ணி அழித்தது.

"அண்ணனுக்கும் அதே வாத்தியார்தாம்ல," என்று அக்கா தொடர்ந்தாள், பேச்சு ருசி கண்டுவிட்டது அவளுக்கு. "அவனுக்கும் நாந்தான கூடப் போனேன். பன்னெண்டு வயசுப் பிள்ளைன்னாலும் எனக்கு எல்லாம் ஞாவம் இருக்கு. அவனுக்கு எத்தனை வருசம் கொறைச்சாருன்னு சொல்லுதேன் கேளு, சாவும்போது அவனுக்கு உள்ளபடிக்கு—"

"எக்கா, அதைச் சொல்லாத!" என்று பலவேசம் கத்தினார்.

"மதினி, அதைச் சொல்லாதிய!" என்று கோமு கத்தினாள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அறுபத்தொன்பதோடு மூன்றைக் கூட்ட இரண்டு பேருக்கும் தெரியும். சைக்கிள் தானாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பலவேசம் கோமுவைப் பார்த்தார். கோமு இவரைப் பார்த்தாள். காரியத்தன்று பந்தலில் அந்த வெற்றிலை வாய் பேசியபோது பெண்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள் என்று இந்த நாலு வருஷத்தில் அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. பந்தலின் அந்தப் பக்கம், துணிமறைப்புக்கு அடுத்தாற்போல, தண்ணீர் சொம்போடு.

"ஒனக்கும் தெரியுமாட்டி?" என்றார், போனுக்குக் கேட்காமல்.

"பின்ன, எனக்கு என்னன்னு நெனச்சிய?" என்று அவளும் போனுக்குக் கேட்காமல் சொன்னாள். "தெனமும் இந்த இருவது நிமிசமும் நான் காயா நறுக்கினேன்?" கண்ணைப் புறங்கையால் தேய்த்தாள், வாழைத்தண்டு நார் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்னட்டி, ரெண்டு பேரும் சேந்து ஊளையிடுதிய?" அக்கா போனை உதறினாள் போல, கரகரவென்று சத்தம் வந்தது. "எதைச் சொல்லாண்டாங்கிய? கோமு! என்னட்டி ஆச்சு அங்க?"

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கோமு புளுகி அவர் பார்த்ததில்லை. பால்காரனிடம்கூட 'இன்னைக்கு வேண்டாம், நேத்துப் பால் மிச்சம் இருக்கு' என்று உள்ளதைச் சொல்லி அனுப்புகிறவள். இப்போது அவள் ஒரு மூச்சு எடுத்தாள், போன் பக்கம் குனிந்தாள், முகத்தில் ஒரு சலனமில்லை, குரலில் ஒரு பிசிறில்லை.

"ஒண்ணுமில்ல மதினி. பால் பொங்கிட்டு," என்றாள்.

அடுப்பே பற்றவைக்கவில்லை.